பாதி வட்டம்

காரைக் கழுவத் தெரியாதவன் உலகத்தில் கிடையாது. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கிழிந்த பனியனும் கிடைத்தால் எவனும் கழுவிவிடுவான். கழுவிய ஈரத்தைத் துடைக்கத்தான் எவனுக்கும் பொறுமை கிடையாது. வண்டியை அப்படியே வெயிலில் விட்டுவிட்டு உள்ளே போய் விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிடுவான். தண்ணீர் போய்விடும், தண்ணீரில் இருந்த உப்பு போகாது. கண்ணாடியின்மேல் வட்டம் வட்டமாக வெள்ளைப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நாள் கழித்து அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன சனியன், போகவே மாட்டேங்குது" என்று சர்வீஸ் ஷெட்டுக்கு ஓடிவருவான். இப்படிப்பட்ட சோம்பேறிகளின் புண்ணியத்தில்தான் பாலிஷின் வீட்டில் அடுப்பு எரிந்தது.

பாலிஷ் என்பது அவனுக்கு ஷெட்டில் வைத்த பெயர். வீட்டில் வைத்த பெயர் முதலாளிக்கே மறந்துபோயிருக்கும். ஷெட்டில் வண்டியைத் தூக்கிக் கழுவுகிறவன் ஒருவன், உள்ளே தூசி உறிஞ்சுகிறவன் ஒருவன், கண்ணாடிக்கு மட்டும் இவன். புதுக் கறை என்றால் வினிகரை நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டு வைப்பான், கறை தானாக இளகிவிடும். பழைய கறை என்றால் பாலிஷ் பவுடரைத் தண்ணீரில் தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்து, கம்பளிச் சக்கரம் வைத்த மெஷினால் தேய்ப்பான். அதற்கும் அசையாவிட்டால் கறை கண்ணாடியையே அரித்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் கண்ணாடியை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. வேலையைத் தொடங்கும் முன் வண்டிக்காரரை அவருடைய சீட்டிலேயே உட்காரவைத்து, கையில் ஒரு மஞ்சள் மெழுகு பென்சிலைக் கொடுப்பான். "எங்கெங்க தெரியுதோ உள்ளேருந்து வட்டம் போடுங்க" என்பான். வெளியே நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாத கறை, முகத்துக்கு நேரே வெயில் அடிக்கும்போது ஓட்டுகிறவனுக்குத் தெரியும். அதனால் அவன் பென்சிலோடு சண்டை போட்டதே கிடையாது. தன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் வட்டம் இருந்தால் தேய்ப்பான். தேய்த்து முடித்து மறுபடி பென்சிலைக் கொடுப்பான். வட்டம் போட இடமில்லாமல் பென்சில் திரும்பி வந்தால்தான் வேலை முடிந்தது. இந்தக் கொள்கையில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அந்தத் தலைக்கனம்தான் பின்னால் அவன் கண்ணைக் கட்டியது.

அவனுடைய அக்கா வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளுக்கு அவர் வேன் மாமா, பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கும் வேன் மாமா. ஒரு கட்டத்தில் அக்காவே வாய் தவறி, "வேன் மாமா சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது உச்சுக்கொட்டினால், "எனக்கா இல்ல? ஒரு வேன் நிறைய இருக்குதுங்க. இறக்கிவிட்டாலும் இறங்க மாட்டேங்குதுங்க" என்பார். ஹாரன் சத்தத்தை வைத்தே தெருவில் இருக்கிறவர்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, வேனில் ஒரு கீறல் இருக்காது. அவரைப் பார்த்துத்தான் பாலிஷ் வண்டிப் பக்கமே வந்தான்.

பாலிஷின் மகள் அந்த வேனில்தான் போனாள். ஷெட்டில் எல்லோருக்கும் அவள் வாண்டு. பாலிஷின் மனைவிக்குத் துணி ஆலையில் காலை ஷிப்ட், விடியும்போதே போய்விடுவாள். அதனால் வாண்டு புத்தகப் பையும் இரட்டைச் சடையுமாக அப்பாவோடு ஷெட்டுக்கு வருவாள். வேன் முதலில் வருவது அங்கேதான். அவள் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்வாள். அந்த சீட்டுக்கு மற்றப் பிள்ளைகளிடம் பெரிய போட்டி. "சொந்தக்காரின்னா முன் சீட்டா" என்று ஒரு சண்டையே நடந்திருக்கிறது.

ஒருநாள் சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டுவிட்டு வேன் நேராக ஷெட்டுக்கு வந்தது.

"என்ன மாப்ள, போன வாரம் துடைச்சேன்னு சொன்னே. கண்ணாடியெல்லாம் பொட்டுப் பொட்டா இருக்கு" என்றார் மாமா.

"சாப்பிட்ட கையைக் கண்ணாடில துடைக்கிறீங்களோ என்னமோ."

"உங்கக்கா சமையல்ல கையில ஒட்டுற அளவுக்கு எண்ணெய் எங்கடா இருக்கு? பேச்சை விட்டுட்டு பென்சிலைக் குடு."

பென்சிலை வாங்கி நாலைந்து வட்டம் போட்டார். பாலிஷ் வெளியே நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். இரண்டு வட்டத்துக்குள் லேசாகக் கறை மாதிரி இருந்தது. மற்றவற்றில் ஒன்றும் இல்லை. ஆனாலும் பென்சில் சொன்னால் சொன்னதுதான். எல்லாவற்றிலும் வினிகர் துணியைப் போட்டான், துடைத்தான், வட்டங்களை அழித்தான். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மாமா உட்கார்ந்து பார்த்து, "ம், பரவால்ல" என்றார். அந்தப் பரவாயில்லை பாலிஷுக்குப் பிடிக்கவில்லை.

மறுவாரம் மறுபடி வந்தார். இந்தத் தடவை வட்டங்கள் வேறு இடத்தில் இருந்தன. அதற்கடுத்த தடவை இன்னும் வேறு இடத்தில். ஷெட்டில் இருந்தவர்களுக்கு வேடிக்கையாகிவிட்டது. "மாமனார் வீட்டு மரியாதை பத்தலைன்னு மாப்பிள்ளை கண்ணாடியில கோபத்தைக் காட்டுறாரு" என்று தூசி உறிஞ்சுகிறவன் சொன்னான். முதலாளி கூட ஒருநாள், "உன்னால ஒரு வேன் கண்ணாடியைத் துடைக்க முடியலையாடா?" என்று கேட்டுவிட்டார். பாலிஷுக்கு மூக்கு உடைபட்டதுபோல் ஆயிற்று. வேறு எவனாவது கேட்டிருந்தால் துணியைத் தூக்கி மூஞ்சியில் எறிந்திருப்பான்.

தண்ணீர் எங்கிருந்தோ தெறிக்கிறது என்று முடிவுகட்டினான். பள்ளிக்கூடத்துக்கே போய் வேன் நிற்கிற இடத்தைப் பார்த்தான். பக்கத்தில் புல்தரை, அதற்குத் தண்ணீர் பீச்சுகிற குழாய். மாட்டிக்கொண்டாயா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே, சுத்தமாகத் துடைத்த ஒரு கண்ணாடித் துண்டை வேன் நிற்கிற இடத்தில் ஒரு செங்கல்மேல் சாய்த்து வைத்துவிட்டு வந்தான். அடுத்த நாள் போய் எடுத்துப் பார்த்தான். தூசிதான் இருந்தது. ஒரு பொட்டு இல்லை.

வேறொருவனாக இருந்தால் அந்த இடத்திலேயே யோசித்திருப்பான். தண்ணீர் வரவில்லை, கறை மட்டும் வருகிறது என்றால் கறை எங்கே இருக்கிறது என்று கேட்டிருப்பான். பாலிஷுக்கு அந்தக் கேள்வி வரவில்லை. எல்லாவற்றையும் கண்ணாடியில் தேடியே பழகியவன். பழைய கறை ஆழமாக அரித்திருக்கிறது, வினிகர் போட்டால் மறைகிறது, காய்ந்தால் மேலே வருகிறது, இதுதான் விஷயம் என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்தான். அன்றைக்கே மெஷினை எடுத்தான்.

மெஷினை ஒரே இடத்தில் வைத்துத் தேய்க்கக் கூடாது. கண்ணாடி சூடேறும், அந்த இடம் மட்டும் பள்ளமாகும். இது அவனுக்குத் தெரியாததல்ல, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவனே சொல்லித்தருவது. ஆனால் மூக்குடைபட்டவனுக்கு அறிவு எங்கே வேலை செய்யும்? மாமா டிரைவர் சீட்டுக்கு நேரே திரும்பத் திரும்ப வட்டம் போட, இவன் திரும்பத் திரும்ப அங்கேயே தேய்த்தான். ஒருநாள் வேலை முடிந்து, சும்மா பார்ப்போமே என்று டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். எதிரே ஷெட்டின் செங்கல் சுவர். வரிசை வரிசையாகப் போன செங்கல் ஓரிடத்தில் மட்டும் வயிறு தள்ளி வளைந்து, மறுபடி நேரானது. தலையை அசைத்தான், வளைவும் அசைந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. வேறு கண்ணாடி பார்த்து மாற்றிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அந்த வாரமே வேன் பள்ளிக்கூடக் கேட் தூணில் உரசிவிட்டது.

பிள்ளைகள் யாருக்கும் அடி இல்லை. முன்பக்கம் இடது மூலையில் பெயின்ட் போயிருந்தது, விளக்கு உடைந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வேனில் விழுந்த முதல் கீறல் அது. மாமா ஷெட்டில் வேனை நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன ஆச்சு மாமா?"

"தூண் அங்க இல்லடா. தள்ளி இருந்துச்சு. கண்ணாடி வளைஞ்சு காட்டுது. நீ தேய்ச்சுத் தேய்ச்சு என்னத்தையோ பண்ணிட்டே."

பாலிஷ் குனிந்து உடைந்த விளக்கைப் பார்த்தான். என்ன சொல்வான்? வளைவைத் தன் கண்ணாலேயே பார்த்தவன். இரவு அக்கா போனில் வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"சொந்த மாமா வண்டியிலதான் உன் வித்தையைக் காட்டணுமா? புள்ளைங்களுக்கு ஒண்ணுன்னா என்ன பண்ணுவே? உம் பொண்ணுந்தானே உள்ள இருந்தா?"

"மாத்திக் குடுத்துடுறேன்க்கா."

"மாத்துனாப் போதுமா? மனுஷன் சாப்பிடல. ஸ்கூல்ல கூப்பிட்டு ஒரு மாதிரி பேசியிருக்காங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்குவோம்னு. அவருக்கு அந்த வேனை விட்டா வேற என்னடா இருக்கு?"

அதற்குப் பிறகு அவனுக்குத் தூக்கம் சரியாக இல்லை. தன் பெண் உட்கார்ந்திருந்த பக்கம்தான் உரசியது. வேகம் கொஞ்சம் கூட இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நினைத்துப் புரண்டு படுத்தான். கண்ணாடி மாட்டுகிறவரைக் கையைக் காலைப் பிடித்து விடுமுறை நாளில் வரவழைத்தான். பழைய கண்ணாடியைக் கழற்றி, பசை வைத்து, புதுக் கண்ணாடியை மாட்டினார்கள். பாலிஷ் அதைத் தன் கையால் உலர்ந்த துணியில் மட்டும் துடைத்தான். வேன் ஷெட்டுக்குள் கூரைக்கடியிலேயே நின்றது. வண்டி கழுவுகிறவனை அந்தப் பக்கமே வரவிடவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் கூட அந்தக் கண்ணாடி பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை மாமா நடந்தே வந்தார். சட்டை மொடமொடவென்று இருந்தது. வெயில் ஷெட்டின் வாசல் வழியாக நேராக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது, வேன் அதைப் பார்த்து நின்றது. வாண்டு பையை மடியில் வைத்துக்கொண்டு ஆபீஸ் அறை வாசலில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"ஏறிப் பாருங்க மாமா. உங்களுக்காகவே செஞ்சது மாதிரி இருக்கு" என்றான் பாலிஷ். பழகிய கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் மெழுகு பென்சிலை எடுத்து நீட்டியது. அவனுக்கு அதில் எந்த யோசனையும் இல்லை. யார் சீட்டில் உட்கார்ந்தாலும் நீட்டுவான்.

மாமாவும் பழக்கத்தில் வாங்கினார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். முகம் மெல்லச் சுளித்தது. பென்சில் மேலே போயிற்று. தனக்கு நேரே ஓரிடத்தில் வைத்து வட்டத்தைத் தொடங்கினார். பாதி வட்டம் வந்தது. அங்கேயே கை நின்றுவிட்டது.

பாலிஷ் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் கோடு பாதியில் நிற்பதைப் பார்த்தான், அதற்குப் பின்னால் மாமாவின் முகத்தைப் பார்த்தான். இது புதுக் கண்ணாடி என்பது அவருக்கு அந்த நொடியில்தான் ஞாபகம் வந்தது. இருவருக்குமே அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது.

மாமா கட்டைவிரலால் கோட்டைத் தேய்த்தார். அது அழியாமல் ஈஷிக்கொண்டது.

"பளிச்சுன்னு இருக்கு மாப்ள" என்றார். "சும்மா கையெழுத்து போட்டுப் பாத்தேன்."

"என்ன தெரிஞ்சுது மாமா?"

"ஒண்ணுமில்லங்கிறேன்ல. நேரமாச்சு. வாண்டு, ஏறு."

மாமா போட்ட வட்டமெல்லாம் ஒவ்வொன்றாகப் பாலிஷின் மனதில் வந்து நின்றது. இடம் மாறி மாறி வந்த வட்டங்கள். செங்கல்மேல் காய்ந்துகிடந்த கண்ணாடித் துண்டு. கறை மாமாவோடு ஊர் சுற்றியிருக்கிறது. அவர் எங்கே பார்த்தாரோ அங்கே அது இருந்திருக்கிறது. இவன் மடையன் மாதிரி அதை வெளியே நின்று தேய்த்துக்கொண்டிருந்தான்.

வாண்டு ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். பையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, முதுகை நிமிர்த்தி, கையைக் கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். விளையாடப் போகிற பிள்ளை உட்காருகிற விதமாக அது இல்லை. பாலிஷ் அந்தப் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"ஏம்மா இப்படி விறைப்பா உக்காந்திருக்கே?"

"போலீஸ் விளையாட்டுப்பா."

"அது என்ன விளையாட்டு?"

"வாண்டு" என்றார் மாமா. குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது.

"நான் சிவப்புன்னு சொன்னா மாமா நிறுத்தணும். பச்சைன்னு சொன்னா போகணும். யாராவது குறுக்க வந்தா ஆளுன்னு சொல்லணும். வெயில் மூஞ்சில அடிக்கிற ரோட்டுல மட்டும்தான். அப்புறம் வேணாம், அப்புறம் மாமாவுக்கே தெரியும்." அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு கேட்டுல இடிச்சது மாமா தப்பில்லப்பா. என் தண்ணி பாட்டில் கீழ விழுந்துடுச்சு. எடுக்கிறதுக்குக் குனிஞ்சிட்டேன். நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

பாலிஷ் அப்படியே நின்றான். இவ்வளவு நாள் ஒரு சின்னப் பிள்ளை இதை நெஞ்சில் சுமந்துகொண்டு அவன் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறது. தூணில் உரசியதற்கு அவன் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தபோது, அவளும் பக்கத்தில் கிடந்து தன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இறங்கு" என்றான்.

"ஸ்கூலுக்கு..."

"இறங்கி ஆபீஸ் ரூமுக்குப் போம்மா. அப்பா சொல்றேன்ல."

அவள் பையை இழுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். பாலிஷ் வேனைச் சுற்றி டிரைவர் பக்கம் வந்தான். வாய் வரைக்கும் வந்த கெட்ட வார்த்தைகளைப் பல்லைக் கடித்து நிறுத்தினான். சின்ன வயதில் அவனை சைக்கிள் கம்பியில் உட்காரவைத்துக் கொண்டுபோன மனுஷர் அவர்.

"எம் பொண்ணு கண்ணை வாங்கியா மாமா வண்டி ஓட்டிட்டு இருந்தீங்க?"

மாமா ரோட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். "காலைல கொஞ்ச நேரம்தான்டா. சூரியன் மேல ஏறிட்டா சரியாப் போயிடும். நடுவுல ஒரு பொட்டு நிக்குது, அவ்வளவுதான். சுத்தியெல்லாம் நல்லாத்தான் தெரியுது."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா? ஓட்டாதேம்பான்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

மாமா பென்சிலைக் கையில் உருட்டினார். அக்காவுக்குத் தெரியும் என்று பாலிஷுக்கு அப்போது புரிந்தது. கொஞ்ச நாளாகவே மாமாவின் போனில் வருகிற எல்லாவற்றையும் அக்காதான் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். போனில் அவனைத் திட்டினாளே, அதில் பாதி அவள் தன்னைத் தானே திட்டிக்கொண்டதாக இருக்கும். அல்லது கண்ணாடிதான் காரணம் என்று அவளும் ரொம்ப ஆசையாக நம்பியிருப்பாள். அவனே நம்பவில்லையா?

"கறைன்னுதான்டா நானும் நெனச்சேன்" என்றார் மாமா. "சத்தியமா. நீ துடைச்சா போயிடும்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவை இங்க வரும்போதும் இன்னிக்குப் போயிடும்னு நெனச்சுட்டுத்தான் வந்தேன்." ஸ்டியரிங்கைத் தடவினார். "இன்னிக்கு மட்டும் விடு. புள்ளைங்க ரோட்டுல நிக்கும். மெதுவாப் போறேன். நாளைக்குப் பாத்துக்கலாம்."

"சாவியைக் குடுங்க மாமா."

"இன்னிக்கு மட்டும்டா."

சொல்லிக்கொண்டே ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது. கதவைப் பிடித்து இழுத்தான், உள்ளே பூட்டியிருந்தது. கழுவுகிறவனும் தூசி உறிஞ்சுகிறவனும் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ஒரு மனுஷரை அவருடைய வண்டியிலிருந்து, பார்க்கிற கண்ணெல்லாம் பார்க்க, சட்டையைப் பிடித்து இழுத்துப் போடுவது என்பது பாலிஷால் முடிகிற காரியமா? போக விடுவதும் முடியாது. ரோட்டில் நிற்கிற பிள்ளைகளுக்கெல்லாம் அவனுடைய பெண்ணின் முகம்தான் தெரிந்தது.

வேலைப் பலகையின்மேல் பவுடர் குழைத்த வாளி இருந்தது. காலையில் வேறொரு காருக்காகக் குழைத்து வைத்தது. அதையும் அகலமான பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு வேனுக்கு முன்னால் போய் நின்றான். பிரஷ்ஷை முக்கி, டிரைவர் சீட்டுக்கு நேரே ஒரே இழுப்பாக இழுத்தான். புதுக் கண்ணாடி வெள்ளையாயிற்று.

மாமா வைப்பரைப் போட்டார். அது வந்து வெள்ளையை வழித்துத் தள்ளியது. வழித்த இடத்தில் அவர் முகம் தெரிந்தது. பாலிஷ் மறுபடி பூசினான். வைப்பர் மறுபடி வழித்தது. இவன் பூச, அது வழிக்க, இவன் இன்னும் கெட்டியாகப் பூச, மாவு வழிந்து பானட்டின்மேல் ஒழுகியது. ஷெட்டில் யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். பாலிஷ் அழுதுகொண்டிருந்தான். அழுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு பூசிக்கொண்டே இருந்தான்.

வைப்பர் இரண்டு பக்கமும் மாவை அப்பிக்கொண்டு மெல்ல ஏறி இறங்கியது. அப்புறம் ஓரிடத்தில் நின்றது. மாட்டிக்கொண்டதா, மாமா நிறுத்தினாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்ஜினும் நின்றது.

பாலிஷ் பிரஷ்ஷைக் கீழே போட்டான். கண்ணாடி முழுக்க வெள்ளை. உள்ளே ஆள் இருப்பதே தெரியவில்லை.

"மாப்ள" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கோபமே இல்லாத, வீட்டுக் குரல். "நான் தெரியுறேனா?"

"தெரியல மாமா."

"எனக்கு உன் மூஞ்சி தெரியாம எவ்வளவு நாளாச்சு தெரியுமா? வெயில்ல நீ நிக்கும்போது சட்டையைப் பாத்துத்தான் நீன்னு தெரிஞ்சுக்குவேன்."

பாலிஷ் வாயைப் பொத்திக்கொண்டான். ஆபீஸ் அறையில் முதலாளி பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, வண்டி ரிப்பேர், வேறு வேன் அனுப்புங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. வாண்டு அறை வாசலில் பையோடு நின்று வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் பக்கக் கண்ணாடி மெதுவாக இறங்கியது. மாமாவின் கை வெளியே வந்தது. விரல் நுனியில் வேன் சாவி தொங்கியது. பாலிஷ் அந்தக் கதவருகே போய்க் கையை நீட்டினான். ஆனால் மாமாவின் கை அவன் நிற்கும் இடத்துக்கு வரவில்லை. வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்த, யாரும் இல்லாத பக்கமாகச் சாவியை நீட்டிக்கொண்டு, வாங்கிக்கொள்வான் என்று காத்திருந்தது.

"இடது பக்கம் மாமா" என்றாள் வாண்டு. "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."

கை இடது பக்கம் நகர்ந்து வந்தது.